இரட்டைக் கோடு

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங்.
ஊசிக்கோடு, ஓட்டை, எண்ணெய்க்கறை,
கண்ணில் பட்டதும் சிவப்பு அம்பு ஒட்டி
அடுத்த பீஸுக்குப் போய்விடுவேன்.
ஷிப்டுக்கு எண்ணூறு.
ஒட்டியது காதர்பேட்டைக்கு.
ஒட்டாதது கப்பல் ஏறும்.

மூன்றாம் மாடியில் நூல் கோன் இருந்த அறையை ஒழித்து
முதலாளி மகன் யுகேந்திரன் பாம்பு வளர்க்கிறான்.
மலைப்பாம்புச் சாதிதான், ஆளை முழுங்காது,
பயந்தால் பந்தாய்ச் சுருண்டுகொள்ளும்.
ஆப்பிரிக்கா எங்கே, ஊத்துக்குளி ரோடு எங்கே.
சாயப்பட்டறை ஷேடு கார்டு மாதிரி
பாம்புக்கும் ஒரு கார்டு வைத்திருக்கிறான்:
வாழைப்பழ மஞ்சள், சாம்பல், காவி,
கடைசியில் ப்ளீச் போட்டு அலசியெடுத்த வெள்ளை,
கண் மட்டும் நீலம்.
அந்த வெள்ளைக்கு மும்பையில் ஆள் காத்திருக்கிறது.

பல்லடத்துக் கோழிப்பண்ணையில் கழித்துப்போட்ட
இன்குபேட்டரில் ஏழு முட்டை.
அவன் வெளியூர் போனால் சூடு பார்ப்பது நான்.
"முப்பத்தொண்ணுக்குக் கீழ விட்றாதீங்க கலாமணிக்கா."

அறுபதாம் நாள்.
மூன்று முட்டை பூசணம் பிடித்துக் குழிந்து கிடந்தன.
ஒன்றை அவனே கத்தரியால் கீறினான்:
உள்ளே முழுசாய் வளர்ந்து,
முதுகு கொக்கியாய் மடங்கி, மூச்சில்லை.
மூன்று வெளியே வந்தன.
அதில் வெள்ளை ஒன்றுதான்.
எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தான்,
இடது பக்கம் தவிர.

இடது பக்கம் கண் இல்லை.
இருக்கவேண்டிய இடத்தில் செதில்,
தைத்து மூடிய பட்டன் துளை மாதிரி.

சுவரில் ஒரு சார்ட். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
ஒரு வட்டத்திலிருந்து மேலே போகிற கோடும்
பக்கத்தில் போகிற கோடும்
ஒரே சதுரத்தில் போய் நின்றன.
"ஏனுங் தம்பி, இதுக்கு அப்பனும் புருசனும் ஒண்ணுங்களா?"
"வெள்ளை வரோணும்னா அப்படித்தானுங்க்கா.
அப்பனுக்கு மக, அப்புறம் அண்ணந்தங்கச்சி.
பாம்புக்குக் கூட்டம் ஏதுங், குலதெய்வம் ஏதுங்?"

போன தை மாசம் இவனுக்குப் பெருந்துறையில் பெண் பார்த்தார்கள்.
தரகர் கூட்டத்தை மாற்றிச் சொல்லியிருந்தார்.
காப்பி குடித்த பிறகு தெரிந்தது, பங்காளி வீடு,
பொண்ணு தங்கச்சி முறை.
தேங்காய் பழத்தோடு தட்டு அப்படியே திரும்பி வந்தது.

எங்களில் வேறு மாதிரி.
தாய்மாமனுக்கே என்னைக் கட்டினார்கள், சீர் மிச்சம் என்று.
பையனுக்குக் காது கேட்காது என்று தெரிந்த வருஷம்
கோயமுத்தூர் டாக்டரம்மா
இதே சதுரம், இதே வட்டம் போட்டு
எனக்கும் மாமாவுக்கும் நடுவில் இரண்டு கோடு இழுத்தார்.
மற்ற எல்லாருக்கும் ஒன்று.
ஸ்கேல் வைக்காமலே நேராய் வந்தது.
எங்கள் கல்யாணம் ரொம்ப உறுதி போல என்று
நினைத்துக்கொண்டேன், அவர் விளக்கும் வரை.

யுகேந்திரன் சார்ட்டில் ஒரு கோடுதான்.

மும்பைக்காரர் வீடியோ கேட்டார். பார்த்தார்.
பாதி விலை என்றார். ராத்திரியில் அதுவும் வேண்டாம் என்றார்.
"செகண்ட்ஸ்" என்றான் யுகேந்திரன், சிரிக்காமல்.
"அடுத்த ஈத்துல சரியாயிருங்."
அதே ஆணைத் தூக்கி அடுத்த பெட்டியில் விட்டான்.

செவ்வாய்க்கிழமை நான் எலிக்குஞ்சை இடுக்கியில் நீட்டினேன்.
வெள்ளை தலையைத் தூக்கி, சாய்த்து,
பாய்ந்தது.
இரண்டு விரற்கடை தள்ளிக் காற்றைக் கடித்தது.
மறுபடியும் காற்று.
மூன்றாம் தடவைக்குள் அது எங்கே தப்பும் என்று பிடிபட்டுவிட்டது.
இடுக்கியை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.
சுற்றி இறுக்கியது,
ரொம்பப் பெரிய வேட்டை போல.

ஓவர்கோட் பையில் அம்பு ஷீட் இருந்தது.
பெட்டியில் ஒட்டவில்லை.
சார்ட்டில், அந்தச் சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே,
அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்து ஒன்று ஒட்டினேன்.

கீழே இறங்கினேன்.
எண்ணூறில் இன்னும் முந்நூறு பாக்கி.